தேனடையும் பருப்படையும்: மட்டாஞ்சேரி வழியாக ஒரு காலைப் பலகாரத்தின் வரலாறு

முன்னுரை

ஊரை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் எதை இழந்தாலும் நாக்கை மட்டும் இழப்பதில்லை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். மதியச் சாப்பாட்டைப் பொறுத்தவரை இது உண்மைதான். கொச்சியானாலும் கொல்கத்தாவானாலும் சாம்பாரும் ரசமும் தடையில்லாமல் நடக்கின்றன. ஆனால் காலைப் பலகாரத்தில் நாம் நிறையவே விட்டுக்கொடுத்துவிட்டோம். பள்ளிப் பேருந்து ஏழரைக்கு வாசலில் வந்து நின்று ஹாரன் அடிக்கிறது. ரெண்டு துண்டு ரொட்டியும் ஜாமும், இல்லாவிட்டால் நூடுல்ஸ். இதில் காய்கறிக்கு இடமே இல்லை. பருப்புக்கும் இல்லை.

அண்மைக் காலத்தில் இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. கோதுமை சிலருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லப்பட்ட வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "கோதுமை இல்லாம காலம்பற புள்ளைக்கு என்னத்தைக் குடுக்கிறது?" என்பதுதான். வசதி உள்ளவர்கள் கடைக்குப் போய், 'க்ளூட்டன் இல்லாதது' என்று அச்சடித்த மாவுப் பொட்டலத்தை விலை பாராமல் வாங்கி வருகிறார்கள். கூடவே கட்டம் கட்டமாக வார்க்கும் வாஃபிள் இயந்திரமும் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

இந்தக் கேள்விக்கு வரலாற்றில் ஏற்கெனவே விடை இருக்கிறது. அதைத் தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மட்டாஞ்சேரி வரை போனால் போதும். சுருக்கமாகச் சொன்னால் அந்த விடை இதுதான்: அச்சு அயலாருடையது, மாவு நம்முடையது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரைத் தெருவில் ஒரு தேனடை

பத்துப்பாட்டுள் ஒன்றான மதுரைக்காஞ்சி, தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை மாங்குடி மருதனார் பாடியது. மதுரை நகரத்தின் பகலையும் இரவையும் பொழுது பொழுதாகக் காட்டிக்கொண்டே போகும் நூல் அது. இரவு முதிர்ந்து கடைத்தெரு அடங்கும் நேரத்தைச் சொல்லும் இடத்தில், பலகாரம் விற்போர் தங்கள் பண்டங்களோடு தூங்கி வழிவதாக ஒரு காட்சி வருகிறது. அவர்களுக்குக் 'கூவியர்' என்று பெயர். அவர்களிடம் மோதகம் இருக்கிறது, மெல்லிய அடையும் இருக்கிறது. அந்த அடைக்குப் புலவர் சொல்லும் உவமைதான் நாம் கவனிக்க வேண்டியது. நல்ல வரிகளையுடைய 'இறால்' போன்ற அடை என்கிறார் அவர்.

கொச்சியில் இருக்கும் நமக்கு இறால் என்றதும் மீன் சந்தைதான் ஞாபகத்துக்கு வரும்! ஆனால் பழந்தமிழில் இறால் என்பதற்குத் தேன்கூடு என்ற பொருளும் உண்டு. உரையாசிரியரும் இங்கே தேனிறால் என்றே பொருள் கொண்டார். தேனைத் தேக்கி வைக்கும் அறுகோணக் கட்டங்களைப் போன்ற வரிகள் அந்த அடையின் மேல் இருந்தன என்பது இதனால் விளங்குகிறது.

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். 'வாஃபிள்' என்ற சொல் ஆங்கிலத்துக்கு டச்சு மொழியிலிருந்து வந்தது. டச்சில் அது 'வாஃபெல்'. ஜெர்மன் மொழியில் தேன்கூட்டைக் குறிக்கும் 'வாபெ' என்ற சொல் இதன் உறவுச்சொல் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் காட்டுகிறார்கள். கட்டம் போட்ட பலகாரத்தைப் பார்த்ததும் அந்த நாட்டு மனிதனுக்கும் தேன்கூடுதான் தோன்றியிருக்கிறது. நம் மொழியிலோ 'தேனடை' என்ற சொல்லே இருக்கிறது. தேன் நிறைந்த கூட்டையும், தோசைக்கல்லில் தட்டும் பண்டத்தையும் 'அடை' என்ற ஒரே சொல்லால் வழங்குகிறோம்.

இதை வைத்துக்கொண்டு வாஃபிளைத் தமிழன்தான் கண்டுபிடித்தான் என்று மேடையில் முழங்க வேண்டாம். மதுரை அடை எந்த மாவால் ஆனது என்று பாட்டு சொல்லவில்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: குழியும் வரியும் உள்ள அடையின் அழகைத் தமிழ் நாக்கும் தமிழ்க் கண்ணும் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிந்திருக்கின்றன.

இரண்டு இரும்புத் தட்டுகள்

ஐரோப்பிய வாஃபிளின் தாய் தேவாலயத்தில் வழங்கும் மெல்லிய அப்பம். நீண்ட கைப்பிடி உள்ள இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே மாவை வைத்து அழுத்தி, நெருப்பில் காட்டிச் சுடுவார்கள். இடைக்காலத்தில் தெருவிலும் அதே முறையில் பலகாரம் சுட்டு விற்கத் தொடங்கினர். இன்றைய பெல்ஜியமும் ஹாலந்தும் அடங்கிய தாழ்நில நாடுகளில் இது மிகவும் பெருகியது. பீட்டர் ப்ரூகல் என்ற ஓவியர் 1559-ல் வரைந்த, திருவிழாவும் நோன்பும் சண்டையிடும் புகழ்பெற்ற ஓவியத்திலேயே வாஃபிள்களைக் காணலாம். பிற்காலத்தில் இது அமெரிக்காவிலும் பரவியது. 1869-ல் நியூயார்க் மாநிலத்தின் ட்ராய் நகரத்தைச் சேர்ந்த கார்னீலியஸ் ஸ்வார்ட்வவுட் அடுப்பின் மேல் வைக்கும் வாஃபிள் அச்சுக்குக் காப்புரிமை பெற்றார். மின்சார அச்சு வந்தது இருபதாம் நூற்றாண்டில்.

இந்த அச்சின் சூட்சுமம் எளிது. தோசைக்கல்லில் மாவுக்கு ஒரு பக்கம்தான் சூடு கிடைக்கும். மறுபக்கத்துக்குத் திருப்பிப் போட வேண்டும். அச்சிலோ இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் வேகிறது. குழிகள் இருப்பதால் இரும்பைத் தொடும் பரப்பும் அதிகம். ஆகவே வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. இதற்கு எந்தத் தானிய மாவு என்பது அச்சுக்குப் பொருட்டல்ல. குளிர்நாட்டில் கோதுமை விளைந்தது, ஆகவே கோதுமையை ஊற்றினார்கள். அவ்வளவுதான்.

மூன்று துறைமுகங்கள், ஒரே கதை

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி போர்த்துக்கீசியரிடமிருந்து 1641-ல் மலாக்காவைப் பிடித்தது. 1658-ல் யாழ்ப்பாணம் விழுந்தது. இலங்கையின் கரையோரம் அவர்கள் வசமாயிற்று. 1663 ஜனவரியில் கொச்சி. இங்கிருந்து 1795-ல் ஆங்கிலேயர் வந்து அவர்களை வெளியேற்றும்வரை 132 ஆண்டுகள் டச்சுக் கொடி பறந்தது. மட்டாஞ்சேரியில் போர்த்துக்கீசியர் கொச்சி அரசருக்குக் கட்டிக்கொடுத்த அரண்மனையை டச்சுக்காரர் பழுதுபார்த்தார்கள். கட்டியவன் பெயர் போய் 'டச்சு அரண்மனை' என்ற பெயர் நின்றுவிட்டது. பலகாரத்திலும் இப்படிப் பெயர் மாறுவது உண்டு.

இந்த மூன்று துறைமுகப் பகுதிகளிலும் இன்று வரை சுடப்படும் மூன்று பண்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, மலாக்காவும் பினாங்கும் சூழ்ந்த மலேசிய மண்ணில் 'குவே காப்பிட்'. மலேசியத் தமிழர் இதை 'லவ் லெட்டர்' என்றே சொல்வார்கள். இந்தோனேசியாவில் இதற்குக் 'குவே செம்ப்ரோங்' என்று பெயர். வேலைப்பாடு செதுக்கிய இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே மாவை ஊற்றி, கரி அடுப்பில் காட்டி, சூட்டோடு சூடாக மடித்தோ சுருட்டியோ எடுப்பார்கள். அச்சு அப்படியே ஐரோப்பிய வாஃபிள் அச்சுதான். மாவு? பெரும்பாலும் அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் முட்டையும்.

இரண்டாவது, இலங்கையின் 'கொக்கிஸ்'. சித்திரைப் புத்தாண்டுக்கு இது இல்லாத சிங்கள வீடு கிடையாது. டச்சு மொழியில் சிறு பலகாரத்தைக் குறிக்கும் 'கூக்கியஸ்' என்ற சொல்லே கொக்கிஸ் ஆனது என்பார்கள். கொதிக்கும் எண்ணெயில் இரும்பு அச்சைக் காயவைத்து, மாவில் தோய்த்து, மறுபடியும் எண்ணெயில் இறக்குவார்கள். இங்கும் அரிசி மாவு, தேங்காய்ப் பால். கவனிக்க வேண்டியது, இது இனிப்பல்ல. உப்பும் மஞ்சளும் சேர்ந்த காரவகைப் பண்டம்.

மூன்றாவது நம் கொச்சிக்கும் கேரளத்துக்கும் உரிய 'அச்சப்பம்'. கேரளக் கிறிஸ்தவ வீடுகளின் கிறிஸ்துமஸ் பலகாரம். தமிழ்நாட்டில் இதையே அச்சு முறுக்கு என்கிறோம். ஆங்கிலோ இந்தியர் ரோஜாப்பூ பிஸ்கட் என்பார்கள். இதன் வருகைக்கு டச்சுக்காரரைக் காரணம் காட்டுவது பரவலான வழக்கு; போர்த்துக்கீசியர் என்பாரும் உண்டு. வந்தவர் யாராயினும் ஊற்றிய மாவு அரிசிதான். கரைத்தது தேங்காய்ப் பாலில்தான்.

மூன்று துறைமுகம், மூன்று மொழி. மூன்றிலும் நடந்தது ஒன்றே. ஈரக் காற்றும் பெருமழையும் உள்ள இந்தக் கரைகளில் கோதுமை விளையாது. வேறு நாட்டிலிருந்து கப்பலில் வந்தால்தான் உண்டு. ஆகவே இரும்பை ஏற்றுக்கொண்ட நம் பெண்கள், அதற்கான மாவைத் தங்கள் உரலிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். 'க்ளூட்டன் இல்லாத வாஃபிள்' என்று இன்று புதிதாகப் பேசப்படுவதன் உறவுமுறைகள் இந்தக் கரைகளில் தலைமுறை தலைமுறையாக நடமாடிக்கொண்டிருக்கின்றன எனலாம்.

மட்டாஞ்சேரியின் அடுப்புகள்

மட்டாஞ்சேரியை வெறும் மிளகுச் சந்தையாகப் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். 1568-ல் கட்டிய பரதேசி யூதர் ஜெபாலயம், அதற்குப் பக்கத்துச் சுவராக அரண்மனை, செர்லாயில் கொங்கணியரின் திருமலை தேவஸ்வம் கோயில், குஜராத்தியர் வாழும் தெருக்கள், கச்சி மேமன்கள் என்று ஒரு சில மைல்களுக்குள் எத்தனையோ மொழிகள். நம் தமிழர்களும் பல வகையினர். வணிகத்துக்கு வந்தவர்கள், கோயில் காரியத்துக்கு வந்தவர்கள், கணக்கு எழுத வந்தவர்கள் உண்டு. ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்கள், டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடைகளை வெளுக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர் என்பது அவர்கள் தம் மரபாகச் சொல்லிவரும் செய்தி. அச்சப்ப இரும்பு டச்சுக்காரரோடு வந்திருந்தால், அது கொச்சிக்கு வந்த காலமும், அந்தத் தமிழர்கள் வந்த காலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம் என்று எண்ணும்போது மனம் நெகிழத்தான் செய்கிறது.

இந்த மட்டாஞ்சேரியில் காலை வேளையில் ஒவ்வொரு அடுப்பிலும் எட்டிப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. கொங்கணி வீட்டில் 'போளோ' என்ற தோசை. பலா இலையைப் பின்னி அதில் மாவூற்றி ஆவியில் வேகவைத்த 'கொட்டோ'. இரண்டுமே அரிசியும் உளுந்தும்தான். குஜராத்தி வீட்டில் 'ஹாண்ட்வோ'. அரிசியையும் பருப்புகளையும் கரகரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, அதில் சுரைக்காயைத் துருவிப் போட்டு, கடுகும் எள்ளும் தாளித்து, மேலும் கீழும் சூடு காட்டிக் கனமாக வேகவைப்பார்கள். மேலே மொறுமொறுவென்று பொருக்கு, உள்ளே காய்கறியின் ஈரம். மலையாளி வீட்டில் அப்பமோ புட்டோ. இவற்றில் எதிலும் கோதுமை கிடையாது.

நம் வீட்டில்? அடை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தோசைக்கும் அடைக்கும் உள்ள வேறுபாடு பருப்பில் இருக்கிறது. தோசையில் அரிசிக்கு உளுந்து துணை. அடையிலோ துவரை, கடலை, உளுந்து என்று பருப்புக் கூட்டமே உண்டு. சில வீடுகளில் பாசிப்பருப்பும் சேரும். புளிக்கவைக்க வேண்டிய அவசியமில்லை. நைசாக அரைக்கக் கூடாது. கையில் தொட்டால் ரவை போல நெருடணும். முருங்கைக்கீரையை உருவிப் போடலாம், வெங்காயம் நறுக்கிப் போடலாம், முட்டைக்கோஸைத் துருவலாம், தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போடலாம். தானியம், பருப்பு, கீரை மூன்றும் ஒரே கல்லில் வேகும் பலகாரம் இதுதான். தொட்டுக்கொள்ள அவியல் என்றால் காய்கறிக்குக் குறைவே இல்லை. பாலக்காடு வழியாகக் கேரளத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் அடையும் அவியலும் பிரிக்க முடியாத ஜோடி.

அடையின் உறவினர் பலர். காரடையான் நோன்புக்கு அரிசி மாவும் காராமணியும் சேர்ந்த உப்படையும் வெல்ல அடையும் ஆவியில் வேகும். கார்த்திகைக்கு அப்பக்காரையின் குழிகளில் அப்பம் வேகும். செட்டிநாட்டில் குழிப்பணியாரம். இவற்றுள் வாஃபிளுக்கு மிக நெருங்கியது 'தவலை அடை'. அரிசியையும் பருப்புகளையும் ரவையாக உடைத்து, கெட்டியாகக் கரைத்து, தேங்காய் சேர்த்து, வெண்கலத் தவலையிலோ உருளியிலோ எண்ணெய் விட்டுக் கனமாகத் தட்டி, மூடி போட்டு நிதானமாக வேகவைப்பார்கள். அடிப்பக்கம் பொன்னிறத்தில் முறுகி ஓடு போல ஆகும். மூடிக்குள் தங்கும் ஆவி மேல்பக்கத்தை வேகவைக்கும். மேலும் கீழும் ஒரே சமயத்தில் சூடு என்ற அதே தத்துவத்தை நம் பாட்டிமார் ஒரு தவலையையும் ஒரு மூடியையும் வைத்தே சாதித்துவிட்டார்கள்.

கோதுமை வந்த வழி

அப்படியானால் நம் காலைத் தட்டில் கோதுமை எப்படி இவ்வளவு இடம் பிடித்தது? இதற்கும் ஒரு வரலாறு உண்டு, அது பசியின் வரலாறு.

கொச்சி, திருவிதாங்கூர் ராஜ்யங்கள் சாப்பாட்டு அரிசிக்குப் பர்மாவைப் பெரிதும் நம்பியிருந்தன. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் கிடங்குகளுக்குக் கப்பலில் அரிசி வரும். 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்தக் கப்பல்கள் நின்றுபோயின. ரேஷன் வந்தது. பம்பாயில் 1943-ல் ரேஷன் வந்தபோது மாதுங்காவில் இருந்த தமிழ்க் குடும்பங்களும் அரிசியோடு கோதுமையையும் வாங்கியே தீர வேண்டியிருந்தது. பெங்களூரில் அரிசித் தட்டுப்பாட்டைச் சமாளிக்கத்தான் ரவா இட்லி பிறந்தது என்று எம்.டி.ஆர். உணவகத்தார் சொல்வது பலரும் அறிந்த செய்தி.

சுதந்திரத்துக்குப் பிறகும் தட்டுப்பாடு தீரவில்லை. அமெரிக்காவின் 1954-ஆம் ஆண்டுச் சட்டமான பி.எல். 480-இன் கீழ் 1956 முதல் கோதுமை கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்தது. கேரளத்தில் 1964-ல் ரேஷன் விரிவாக்கப்பட்டது. "கோதுமையை வெச்சு என்ன பண்றதுன்னே அப்பல்லாம் தெரியாது, கஞ்சி காய்ச்சித்தான் குடிச்சோம்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் நம்மில் பலர் இருப்போம். கஞ்சியில் தொடங்கிய உறவு சப்பாத்தியாகி, உப்புமாவாகி, பரோட்டாவாகி, ரொட்டியாகி, இன்று நூடுல்ஸில் வந்து நிற்கிறது.

கோதுமை நமக்கு எதிரி அல்ல. பஞ்ச காலத்தில் நம்மைக் காப்பாற்றிய தானியத்தைப் பழிப்பது நன்றி கெட்ட செயல். குறை எங்கே என்றால், கோதுமை வந்தபோது பருப்பையும் கீரையையும் காலைத் தட்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. அதுவும் ஊரை விட்டு வந்த குடும்பங்களில், ஊறவைக்க நேரமில்லை, ஆட்டுக்கல்லுக்கு இடமில்லை என்ற நிலையில், இது இன்னும் வேகமாக நடந்தது. நம் பிள்ளைகளில் பலருக்கு அடை என்றால் மாலை வேளையில் எப்போதாவது பாட்டி வந்தால் செய்யும் பண்டம் என்ற அளவில்தான் தெரியும்.

ஹாலந்து மருத்துவர் கண்டது

கதையில் டச்சுக்காரர் இன்னொரு முறை வருகிறார், இந்த முறை மருத்துவராக. ஹேக் நகரத்தின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லெம் கரேல் டிக்கே, சீலியாக் நோயால் வாடிய குழந்தைகளைக் கவனித்துவந்தார். வயிறு உப்பி, கைகால் சூம்பி, ஓயாத பேதியால் வளர்ச்சி குன்றும் நோய் அது. ரொட்டியை நிறுத்தினால் சில குழந்தைகள் தேறுவதை அவர் 1930-களிலேயே கண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் கடும் பஞ்சம். மக்கள் துலிப் பூவின் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றார்கள். ஊரெல்லாம் வாடியபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். போர் முடியும் தறுவாயில் ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. குற்றவாளி கோதுமையே என்பதை டிக்கே 1950-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த தம் ஆய்வேட்டில் நிறுவினார். கோதுமையில் உள்ள க்ளூட்டன் எனும் பசைப்புரதமே காரணம் என்பது அவரும் அவருடைய கூட்டாளிகளும் செய்த ஆய்வுகளில் தெளிவாயிற்று. பார்லியிலும் ரை தானியத்திலும் இதே தொல்லை உண்டு.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி, நமக்கெதுக்கு?" என்று கேட்கலாம். 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஹரியானா, அசாம், வேலூர் ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்தார்கள். சீலியாக் நோய்க்குரிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் காணப்பட்டவர்கள் வடக்கே 1.23 விழுக்காடு, வடகிழக்கில் 0.87, தெற்கே 0.10 மட்டுமே. இந்த நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணுக் கூறு மட்டும் மூன்று இடத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில், மூவரில் ஒருவருக்கு, இருந்தது. பெரிய வேறுபாடு தட்டில் இருந்தது. நாளொன்றுக்கு ஒருவர் உண்ட கோதுமை வடக்கே சராசரியாக 455 கிராம், தெற்கே 25 கிராம்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது யோசிக்க வேண்டிய செய்தி. நாம் தெற்கத்திய உடம்போடு போய், போன ஊர்த் தட்டில் சாப்பிடுகிறோம். அதற்காக எல்லோரும் கோதுமையை விலக்கணும் என்று அர்த்தமில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கோதுமையால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் குழந்தை எடை கூடாமல், அடிக்கடி வயிற்றுப்போக்கும் ரத்தசோகையுமாக இருந்தால் மருத்துவரிடம் காட்டிச் சோதித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று முக்கியம்: சோதனைக்கு முன்னால் நாமாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமலேயே போய்விடும்.

அடை மாவும் வாஃபிள் அச்சும்

இனி சமையலறைக்கு வருவோம். வாஃபிள் இயந்திரம் வீட்டில் இருந்தால் அதைக் குற்றம் சொல்ல வேண்டாம். பொட்டல மாவுதான் வேண்டாம். அடை மாவை அதில் ஊற்றினால் போதும். தவலை அடையின் ருசியும் தேனடையின் அழகும் சேர்ந்து கிடைக்கும்.

நான்கைந்து பேருக்கு இரண்டு ஆழாக்குப் புழுங்கலரிசி, அரை ஆழாக்குத் துவரம்பருப்பு, அரை ஆழாக்குக் கடலைப்பருப்பு, கால் ஆழாக்கு உளுந்து எடுத்துக்கொள்ளலாம். ராத்திரி ஊறப்போட்டால் காலையில் அரைக்கலாம். அவ்வளவு நேரம் கிடைக்காதவர்கள் சாயங்காலம் ஊறவைத்து, படுக்கப் போகுமுன் அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். நாலைந்து மிளகாய் வற்றல், ஒரு துண்டு இஞ்சி, உப்பு சேர்த்துக் கரகரப்பாக அரைக்கணும். மாவு தோசை மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து மெல்ல விழணும். அரிசியில் பாதியைக் குறைத்துச் சாமையோ குதிரைவாலியோ சேர்த்தாலும் நன்றாக வரும். ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இவை கடைகளில் தாராளமாகவே கிடைக்கின்றன. இவற்றிலும் க்ளூட்டன் இல்லை.

காய்கறியில்தான் கவனம் வேண்டும். கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், வெங்காயம், முருங்கைக்கீரை எதுவும் ஆகும். சுரைக்காய், பூசணி போன்ற நீர்க்காய்களைத் துருவினால் கையால் இறுக்கிப் பிழிந்துவிட்டுச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அச்சுக்குள் வெறும் ஆவிதான் நிறையும், மொறுமொறுப்பு வராது. உப்புப் பட்டால் காய் நீர் விடும். ஆகவே காயை வார்ப்பதற்குச் சற்று முன்னால்தான் மாவில் கலக்கணும்.

அச்சை நன்றாகக் காயவிட்டு, இரண்டு தட்டிலும் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவி, முக்கால் குழி நிறையும் அளவு மாவை ஊற்றி மூட வேண்டும். கோதுமை மாவைவிட அடை மாவுக்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். ஓரத்திலிருந்து ஆவி வருவது அடங்கும்வரை திறக்கவே கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் மேலொரு பாதி, கீழொரு பாதியாகப் பிளந்துவிடும். ஆறேழு நிமிஷத்தில் பொன்னிறமாகத் தானே கழன்று வரும். எடுத்ததும் தட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், கம்பி வலையில் பரத்திவைத்தால் பள்ளிக்கூடம் போகும்வரை மொறுமொறுப்புக் குறையாது. தொட்டுக்க அவியல் இருந்தால் சரி. இல்லையா, தேங்காய்ச் சட்னியோ வெல்லமும் வெண்ணெயுமோ போதும். இயந்திரம் இல்லாதவர்கள் குழிப்பணியாரச் சட்டியிலோ கனமான வாணலியில் மூடி போட்டோ இதையே வார்க்கலாம்.

சீலியாக் உள்ள குழந்தைக்காகச் செய்பவர்கள் மூன்று செய்திகளை மறக்கக் கூடாது. முதலாவது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். நம் சமையலில் கோதுமை ஒளிந்திருக்கும் இடம் இதுதான். பொட்டலத்தைத் திருப்பிப் படித்து, அரிசி மாவில் செய்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். இல்லையேல் பெருங்காயத்தை விட்டுவிட்டுச் சீரகம், கறிவேப்பிலையால் ஒப்பேற்றலாம். இரண்டாவது, மாவு மில்லில் கோதுமை அரைத்த கல்லிலேயே அரிசியும் அரைபடும். ஆகவே வீட்டில் அரைத்த மாவே நம்பகமானது. மூன்றாவது, மைதா வாஃபிள் வார்த்த அச்சில் இந்தக் குழந்தைக்கு வார்க்கக் கூடாது. தனி அச்சு வேண்டும். ரவை, சேமியா, மைதா எல்லாம் கோதுமைதான் என்பதைத் தாத்தா பாட்டிக்கும் சொல்லிவைக்க வேண்டும். "கொஞ்சூண்டு ரவைதானே, என்ன பண்ணிடும்?" என்ற பாசம் இங்கே ஆபத்து. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருந்தால் அந்தப் பண்டத்தை 'க்ளூட்டன் இல்லாதது' என்று விற்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. அதிலிருந்தே அளவு எவ்வளவு சிறியது என்று தெரிந்துகொள்ளலாம்.

நிறைவாக

மதுரைத் தெருவில் தேனிறால் போன்ற அடை விற்ற கூவியர் தொடங்கி, கப்பலில் வந்த இரும்பு அச்சில் அரிசி மாவை ஊற்றிய மேற்குக் கரைப் பெண்கள், தவலைக்கு மூடி போட்ட பாலக்காட்டுப் பாட்டிமார் வரை இந்த வரலாற்றைப் பார்த்தோம். இவர்களில் யாரும் புதியதைக் கண்டு ஒதுங்கவில்லை. அயலார் கொண்டுவந்த கருவியை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் எதை ஊற்றுவது என்பதைத் தங்கள் மண்ணையும் தங்கள் வீட்டு உடம்புகளையும் பார்த்துத் தாங்களே முடிவுசெய்தார்கள்.

வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நமக்கு அவர்கள் விட்டுச்சென்ற வழி இதுதான். கருவி மாறட்டும், ஊர் மாறட்டும், தட்டின் வடிவமும் மாறட்டும். அரிசியும் பருப்பும் கீரையும் சேர்ந்த அந்த மாவை மட்டும் அடுத்த தலைமுறையின் கைக்கு மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அடை மாவு அரைத்து, வார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுப் பாருங்கள். கட்டம் கட்டமாக வருவதை அவர்கள் வாஃபிள் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். தமிழில் அதற்குத் தேனடை என்று ஒரு பெயர் காத்திருக்கிறது என்பதை, சாப்பிடும்போது நாம் சொல்லிக்கொடுத்தால் போதும்.